என்ன வேலை பார்க்கிறீங்க? ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் இதைக் கேட்கட்டும்!



வைகைப் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கச் சொல்லிப் போராடுகிறோம். நெல்லுக்குக் கட்டுபடியான விலை கேட்கிறோம். பயிர் இன்சூரன்ஸ் பணம் வந்து சேரவில்லை என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருகிறோம். இந்தப் பிரசுரம் அதுக்கெல்லாம் அடிப்படையான ஒன்றைப் பற்றியது. நம்ம உடம்பைப் பற்றியது. உடம்பு இருந்தால்தானே உழவும் நடவும்!

மாட்டுக்கு வயிறு உப்பிக்கொண்டால் கால்நடை டாக்டரிடம் ஓட்டிக்கொண்டு போகிறோம். அவர் முதலில் என்ன கேட்கிறார்? "எங்கே மேய்ஞ்சது? குருத்துச் சோளம் தின்னுச்சா?" என்று கேட்கிறார். இளஞ்சோளத்தில் விஷம் உண்டு, அது தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. பயிர் வாடினால் வேளாண்மை அதிகாரி, "என்ன மண்ணு? என்ன உரம் போட்டீங்க? கடைசியா எப்ப தண்ணி பாய்ச்சினீங்க?" என்கிறார். அந்த மாட்டை மேய்த்தவரும் அந்தப் பயிரை வைத்தவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் என்ன நடக்கிறது? பேர், வயசு, ஊர், செல் நம்பர், என்ன செய்யுது? அவ்வளவுதான். "என்ன வேலை பார்க்கிறீங்க? நேத்து எந்தக் காட்டுல நின்னீங்க? மேல என்ன மருந்து பட்டுச்சு?" என்று கேட்க ஆள் இல்லை.

இத்தாலி நாட்டில் ராமஸ்ஸினி என்று ஒரு டாக்டர். தொழில்களால் வருகிற நோய்களைப் பற்றி 1700-லேயே ஒரு புத்தகம் போட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளோடு, நீ செய்கிற தொழில் என்ன என்பதையும் கேட்க வேண்டும் என்று அதில் எழுதினார். 300 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேரையூருக்கும் வாடிப்பட்டிக்கும் அந்தக் கேள்வி இன்னும் வந்து சேரவில்லை.

டாக்டர்கள் மேல் பழி போட இதை எழுதவில்லை. காலை ஓ.பி.யில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. ஒரு டாக்டர், அல்லது இரண்டு டாக்டர். ஒருத்தருக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிசு. அவசரத்தில் மனுஷனுக்கு மறந்து போவதை ஞாபகப்படுத்தத்தான் மேஜை மேல் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் நம்ம வேலையைப் பற்றிய கேள்வியும் இருக்கட்டும், பதிலுக்கு ஏற்ற எச்சரிக்கையும் டாக்டர் கண்ணில் படட்டும் என்பதுதான் நம்ம கோரிக்கை.

வேலையைக் கேட்டால் வைத்தியமே மாறும்!

இது ஏதோ பேருக்குக் கேட்கிற கேள்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். சில உதாரணங்களைப் பாருங்கள்.

காய்ச்சல்: நடவு வயலில் சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நிற்கும்போது கால் வெடிப்பு வழியாகக் கிருமி ஏறுகிறது. வரப்புப் புதரில் புல் அறுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து, அக்குளிலோ தொடை இடுக்கிலோ பீடி சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். சட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டுக்குமே டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை நன்றாகக் கேட்கும். ஆனால் சீக்கிரம் கொடுக்க வேண்டும். வெறும் காய்ச்சல் மாத்திரையிலேயே ஒரு வாரம் ஓட்டினால் ஈரல், கிட்னி, நுரையீரல் என்று பரவி, பெரிய ஆஸ்பத்திரியில் போய் உயிருக்குப் போராட வேண்டியதாகிவிடும். "சேத்துல நின்னீங்களா? புல் அறுத்தீங்களா?" என்ற இரண்டு கேள்வியில் ஒரு உயிர் தங்கும்.

மேல்வலி: கடலைக் காட்டில் களை எடுத்துவிட்டு, வெயிலில் வாடி, "மேலெல்லாம் வலிக்குது, ஒரு ஊசி போடுங்க" என்று நாமே கேட்கிறோம். டைக்ளோபினாக் ஊசி போடுகிறார்கள், வலி நிற்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது இந்த வலி ஊசியும் மாத்திரையும் கிட்னியைக் கெடுக்கும் என்பது டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் எதிரில் நிற்பவர் எட்டு மணி நேரம் வெயிலில் நின்றவர் என்பது அவருக்குத் தெரிந்தால்தானே! கம்ப்யூட்டரில் 'வெயில் வேலை' என்று பதிவாகியிருந்தால், வலி ஊசி எழுதப் போகும்போதே "முதலில் தண்ணீர், உப்புக் கரைசல், கிட்னி சோதனை பார்க்கவும்" என்று திரையில் வந்துவிடும்.

சர்க்கரை, பி.பி.: மாத்திரை கொடுக்கிறார்கள், நல்லது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, வேலைக்கு நேரமாச்சு என்று சாப்பிடாமல் நடவுக்குப் போனால் பத்து மணிக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வருகிறது. பி.பி. மாத்திரையில் சிலது மூத்திரத்தை அதிகம் போக வைக்கிற வகை. சித்திரை வெயிலில் மண் வெட்டுகிறவருக்கு அந்த மாத்திரையை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். சர்க்கரையால் கால் மரத்துப் போனவர் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறார். முள் குத்தியது தெரியாது, சிப்பி கிழித்தது தெரியாது. கடைசியில் விரல் போகிறது. வேலை தெரிந்தால் மாத்திரை நேரமும் மாறும், சொல்கிற புத்திமதியும் மாறும்.

பெண்கள்: காட்டில் ஒதுங்க இடம் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிற தாய்மார்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! மூத்திரக் கடுப்பு என்று திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் மாத்திரை வாங்கிப் போகிறார்கள். "வேலை செய்யிற இடத்துல ஒதுங்க இடம் இருக்கா?" என்று ஒரு தடவை கேட்டால் வியாதியின் வேர் தெரிந்துவிடும்.

இருமல்: மேலூர்ப் பக்கம் விவசாயம் பொய்த்த வருஷங்களில் கல்குவாரிக்கும் கிரஷருக்கும் போனவர்கள் நிறையப் பேர். கல்தூசி நெஞ்சில் படிந்தால் சிலிகோசிஸ் என்ற நோய் வருகிறது. எக்ஸ்ரேயில் பார்க்க டி.பி. மாதிரியே இருக்கும். டி.பி. மாத்திரையை எத்தனை தடவை சாப்பிட்டாலும் தூசி வெளியே வருமா? சிலிகோசிஸ் உள்ளவருக்கு டி.பி.யும் எளிதில் தொற்றும். இரண்டையும் பிரித்துப் பார்க்க, பழைய வேலையைக் கேட்டே ஆக வேண்டும்.

பூச்சிமருந்து: குடிச்ச விஷமா? உழைச்ச விஷமா?

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப்புழுவுக்கு எத்தனை தடவை மருந்தடிக்கிறோம் என்பது மாட்டுத்தாவணியில் பூ வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. மருந்தடித்த தோட்டத்தில்தான் விடியுமுன்னே தாய்மார்கள் வெறுங்கையால் மொட்டுப் பறிக்கிறார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் நம் சங்க உறுப்பினர் ஒருவர் மல்லிகைக்கு மருந்தடித்தார். காற்று திரும்பியது, மேலெல்லாம் நனைந்தது. சாயங்காலம் வாந்தி, வேர்வை, வாயில் எச்சில். போன ஆஸ்பத்திரியில் பித்தம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ராத்திரி மூச்சு இரைத்தது. 108-ல் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி கடுகளவு சிறுத்திருந்தது. உடனே அட்ரோபின் ஏற்றினார். பிழைத்துக்கொண்டார். ஆனால் கேஸ் சீட்டில் முதலில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? "பூச்சிமருந்து அருந்தியவர்" என்று! பிழைத்து எழுந்த மனுஷன், நான் குடிக்கவில்லை, அடித்தேன் என்று போலீசுக்கும் சொந்தக்காரர்களுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சம்சாரி உடம்பில் விஷம் இருந்தால் அவனே குடித்திருப்பான் என்று முடிவு கட்டுகிற பழக்கம் ஒழிய வேண்டும். மருந்தடிக்கும்போது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறுகிற விஷம் வேலையால் வந்த விபத்து. அப்படியே எழுத வேண்டும்.

2017-ல் மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 20 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடித்திருந்தார்கள். எது உள்ளே போனது என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க டாக்டர்கள் திண்டாடினார்கள். சாவு விழுந்த பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. மோனோகுரோட்டோபாஸ் 36 சதம் மருந்தைத் தடை செய்யும் உத்தரவு 2023-ல்தான் வந்தது. ஜூலையில் வந்த முதல் பத்துப் பேரின் கேஸ் சீட்டிலேயே "தொழில்: பருத்திக்கு மருந்தடிப்பு, மருந்தின் பேர் இது" என்று பதிவாகி, ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால், அபாயம் முன்கூட்டியே தெரிந்திருக்குமே!

விஷத்துக்கு விஷம் வைத்தியம் வேறு. பாஸ்பரஸ் வகை மருந்துக்கு அட்ரோபின் உண்டு. பாரக்வாட் களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. வழக்கமாக எல்லோருக்கும் வைக்கிற ஆக்சிஜனைக்கூட பாரக்வாட் விஷத்துக்கு யோசித்துத்தான் வைக்க வேண்டும் என்கிறது மருத்துவம். இதையெல்லாம் ஒரு இளம் டாக்டர் நடுராத்திரியில் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மருந்தின் பேரைத் தட்டினால் கம்ப்யூட்டர் சொல்லட்டும்.

வெயிலும் கிட்னியும்

தமிழ்நாட்டில் அரசு டாக்டர்களே 2023-ல் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். மூன்று மாசம் கழித்து மறுபடியும் சோதித்து உறுதி செய்தார்கள். 2025-ல் முடிவு வெளியானது. 100-க்கு 5 பேருக்கு மேல் நாள்பட்ட கிட்னிக் கோளாறு! அதிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, பி.பி.யும் இல்லை. அப்படியானால் ஏன் வந்தது? வெயிலில் உழைப்பு முக்கியமான சந்தேகம் என்கிறார்கள்.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. இலங்கையில் அனுராதபுரம் பக்கத்து நெல் விவசாயிகளை 1990-களிலிருந்து காரணம் தெரியாத கிட்னி நோய் வாட்டுகிறது. மத்திய அமெரிக்காவில் நிகரகுவா, எல்சால்வடார் நாடுகளில் கரும்பு வெட்டுகிற இளவட்டங்கள் ஆயிரக்கணக்கில் இதே நோயில் மடிந்தார்கள். நிகரகுவாவில் ஒரு சர்க்கரை ஆலையின் கரும்புக் காட்டில் நிழல், தண்ணீர், இடை இடையே கட்டாய ஓய்வு என்று கொண்டு வந்தார்கள். கிட்னிப் பாதிப்பு குறைந்ததைக் கணக்கெடுத்துக் காட்டினார்கள். பெரிய மருந்து எதுவும் இல்லை. நிழலும் தண்ணீரும் ஓய்வும்தான்!

கிட்னி கெட்டால் ஆரம்பத்தில் வலி தெரியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி வரும்போது டயாலிசிஸ் வாசலுக்கு வந்துவிடுகிறோம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மதுரைக்கும் ஊருக்கும் அலைகிற குடும்பம் எப்படி வெள்ளாமை பார்க்கும்? காப்பீட்டு அட்டை டயாலிசிஸ் செலவைத் தாங்கலாம். போன கூலியை யார் தருவது? நிலத்தை விற்றவர்கள் உண்டு. வெயில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் வருஷம் ஒரு தடவை ரத்தத்தில் கிரியாட்டினின், மூத்திரத்தில் புரதம் பார்த்தால் முன்னாடியே பிடித்துவிடலாம். யாருக்குப் பார்க்க வேண்டும் என்பது வேலையைக் கேட்டால்தானே தெரியும்!

படிவம் என்ன கேட்கிறது தெரியுமா?

30 வயசுக்கு மேற்பட்டவர்களிடம் பூர்த்தி செய்யச் சொல்லி மத்திய அரசின் படிவம் ஒன்று இருக்கிறது. பீடி, சாராயம், இடுப்புச் சுற்றளவு, குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை என்றெல்லாம் கேட்கிறது. வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சி உண்டா என்றும் கேட்கிறது! விடிஞ்சதிலிருந்து மண்வெட்டி பிடிக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? அடுப்பு எரிக்கிறது விறகா, எரிவாயுவா என்று இருக்கிறது. தாள் எரிக்கிற புகை, செங்கல் சூளைப் புகை, தூசி வேலை பற்றி ஒரு வரி இருக்கிறது. அதை வரவேற்கிறோம். ஆனால் பூச்சிமருந்து பற்றியோ வெயில் வேலை பற்றியோ அந்த மாதிரி ஒரு வரி இல்லை. தூசிக்குக் கட்டம் போட முடிந்தவர்களுக்கு மருந்துக்கும் வெயிலுக்கும் கட்டம் போட முடியாதா?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். வருகிற சகோதரிகள் நம்ம ஊர்ப் பெண்கள்தான். 2024-ல் அதையே தொழிற்சாலைகளுக்கும் கொண்டு போனார்கள். ஆலைக் கேட்டுக்குள் போன மருத்துவம் வயல் வரப்புக்கும் வர வேண்டாமா?

கம்ப்யூட்டர் வேலையே ஆகாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் நியாஷ் என்ற அரசாங்கத் தொழில் சுகாதார நிறுவனம், சாதாரண ஆஸ்பத்திரி டாக்டர்களின் கம்ப்யூட்டரில் நோயாளியின் வேலையைப் பதிந்து எச்சரிக்கை காட்டுவது எப்படி என்று மூன்று நோய்களுக்கு மாதிரி தயாரித்து 2017-ல் வெளியிட்டது. சர்க்கரை, ஆஸ்துமா, இடுப்பு வலி. இந்தியாவிலேயே மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவத்தில், நோய்க்குறியைச் சொன்னால் அடுத்து இதைக் கேளுங்கள், இந்த நோயாக இருக்கலாம் என்று டாக்டருக்குக் காட்டுகிற வசதி சேர்த்திருக்கிறார்கள். கருவி இருக்கிறது. அதற்குள் விவசாயி இல்லை!

என்ன கேட்க வேண்டும்? ஐந்தே கேள்வி போதும்:

ஒன்று: என்ன வேலை? சொந்த நிலமா, குத்தகையா, கூலியா? இடையில் வேறு வேலைக்குப் போனீங்களா?

இரண்டு: கடைசி மூன்று வாரத்தில் சேறு, புதர், தூசி, மருந்து, கடும் வெயில், இதில் எதில் நின்னீங்க?

மூன்று: மருந்து பட்டிருந்தால் அதன் பேர் என்ன? எப்போது? அடித்ததா, கலந்ததா, அடித்த இடத்தில் வேலை செய்ததா?

நான்கு: வெயிலில் எத்தனை மணி நேரம்? எத்தனை தடவை தண்ணி குடிச்சீங்க? மூத்திரம் என்ன நிறம்?

ஐந்து: கூட வேலை செஞ்சவங்களுக்கும் இதே மாதிரி இருக்கா?

சீட்டு எழுதுகிற இடத்தில் நர்சம்மா கேட்டாலே போதும். டாக்டரின் நேரம் போகாது. ஐந்தாவது கேள்விதான் ஊரையே காப்பாற்றுகிற கேள்வி. ஒரே காட்டிலிருந்து நாலு பேர் வந்தால் அது ஒரு ஆளின் வியாதி இல்லை, ஊருக்கு வந்த ஆபத்து என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும்.

கம்ப்யூட்டர் மட்டும் வந்தால் போதுமா?

போதாது! இதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். அரியானாவிலும் கர்நாடகாவிலும் 40 அரசு சுகாதார நிலையங்களில், சர்க்கரை, பி.பி. வைத்தியத்துக்கு நர்சு கையில் இப்படி வழிகாட்டும் கருவியைக் கொடுத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 2019-ல் முடிவு வந்தது. கருவி கொடுத்த இடத்திலும், கருவி கொடுக்காமல் பயிற்சி பெற்ற நர்சையும் வழிகாட்டுக் குறிப்பையும் வைத்துக் கவனித்த இடத்திலும் நோயாளிகள் ஒரே மாதிரிதான் தேறினார்கள். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? பயிற்சி பெற்ற ஆளும் மருந்தும் கவனிப்பும்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. கருவி அதற்குத் துணை. திரையில் "அட்ரோபின் கொடுக்கவும்" என்று வந்து, அலமாரியில் அட்ரோபின் இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்? "கிரியாட்டினின் பார்க்கவும்" என்று வந்து, லேப் டெக்னீஷியன் இடம் காலியாகக் கிடந்தால் யார் பார்ப்பது? அதனால் கம்ப்யூட்டரைக் காட்டி ஆளைக் குறைக்கிற வேலைக்கு நம் சங்கம் ஒருக்காலும் சம்மதிக்காது.

இன்னொரு பயம் நம்மவர்களுக்கு உண்டு. "உடம்பு சங்கதியெல்லாம் கம்ப்யூட்டரில் ஏத்திட்டா நாளைக்கு இன்சூரன்ஸ்காரனும் பேங்க்காரனும் பார்க்க மாட்டானா? கூலிக்குக் கூப்பிடறவன் நோயாளின்னு ஒதுக்க மாட்டானா?" நியாயமான பயம். தனி மனுஷர் விவரங்களைக் காக்க 2023-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவு வைத்தியத்துக்கு மட்டும்தான், வேறு யார் கைக்கும் போகாது என்று அரசு எழுத்து மூலமாக உறுதி தர வேண்டும். ஊர் வாரியான கணக்கை வெளியிடலாம். பேரை வெளியிடக் கூடாது.

எழுதினால்தான் உரிமை!

வைத்தியத்துக்கு மட்டும் கேட்கவில்லை. நிவாரணத்துக்கும் இதுதான் ஆதாரம்.

மதுரையில் மில்லில் வேலை பார்த்தவருக்குப் பஞ்சுத்தூசி நோய் வந்தால் டாக்டர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. அந்தப் பட்டியலில் ஈய விஷமும் சிலிகோசிசும் உண்டு. ஆலைத் தொழிலாளி போராடி வாங்கிய உரிமை அது. பருத்தியை விளைவித்தவனுக்கு வருகிற நோய்க்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல உத்தரவு. ஆனால் சித்திரை மாசம் காட்டில் சுருண்டு விழுந்து செத்தவரின் சர்ட்டிபிகேட்டில் "மாரடைப்பு" என்று மட்டும் எழுதினால் அந்தப் பணம் எப்படி வரும்? எத்தனை மணிக்கு, எந்த வெயிலில், என்ன வேலையில் விழுந்தார் என்று பதிவு வேண்டாமா?

2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு ஆக்கியது. இனி ஒவ்வொரு பாம்புக்கடியும் கணக்கில் வரும். பாம்பு கடித்தால் கணக்கு உண்டு, பூச்சிமருந்து கடித்தால் கணக்கு வேண்டாமா? 1968 பூச்சிமருந்துச் சட்டத்தின் 26-வது பிரிவிலேயே, மருந்து கையாண்டதால் வருகிற விஷபாதிப்புகளை அறிவிக்கும்படி உத்தரவு போட மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. புதுச் சட்டம் வேண்டியதில்லை. இருக்கிற அதிகாரத்தை எடுத்து, கிராமத்து ஆஸ்பத்திரி வரைக்கும் கறாராக அமல்படுத்தினால் போதும்.

கணக்கு இருந்தால் எந்த மருந்து நம்மைக் கொல்கிறது என்று தெரியும். தெரிந்தால் தடை கேட்கலாம். கம்பெனிக்காரன் "எங்க மருந்தால யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்று சொல்ல முடியாது. இதனால்தான் இந்த ஒரு கேள்வியை நாம் போராட்டமாக எடுத்திருக்கிறோம்.

உத்தரவு வரும் வரைக்கும் நாம் செய்ய வேண்டியது

டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே முந்திக்கொண்டு சொல்லுவோம். "நான் விவசாயி. நேத்து இந்த மருந்து அடிச்சேன்", "மூணு நாளா சேத்துல நின்னேன்", "வெயில்ல கரும்பு வெட்டினேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மருந்து பட்டு உடம்புக்கு முடியாமல் போனால் உடனே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, டப்பாவையும் உள்ளே இருக்கிற துண்டுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு 108-க்குப் போன் போடுங்கள். டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். சிவப்பு கொடிய விஷம். முறிவு மருந்தின் பேர் அந்தச் சீட்டில் அச்சடித்திருக்கும். டப்பாவைக் கூட வந்தவர் கையில் வைத்து டாக்டரிடம் காட்டினால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

வெயிலில் வேலை செய்த நாளில் வலி ஊசி கேட்டு வாங்காதீர்கள். கேஸ் சீட்டில் "வேலையின்போது" என்று எழுதச் சொல்லி, ஒரு நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

நமது கோரிக்கைகள்

1. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், துணை சுகாதார நிலையங்களிலும், தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் சீட்டுப் பதியும்போதே நோயாளியின் வேலை பற்றிய ஐந்து கேள்விகளைத் தமிழில் கேட்டுக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும்.

2. பதிலுக்கு ஏற்ப எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், மருந்து விஷம், வெப்ப பாதிப்பு, கிட்னி, தூசி நோய் பற்றிய எச்சரிக்கை டாக்டர் திரையில் வர வேண்டும். அந்தந்த வட்டாரத்தின் நடவு, மருந்தடிப்பு, அறுவடைக் காலம் அதில் சேர வேண்டும்.

3. மக்களைத் தேடி மருத்துவம் சகோதரிகளின் படிவத்தில் பூச்சிமருந்து, வெயில் வேலை இரண்டையும் சேர்க்க வேண்டும். வெயிலில் உழைப்பவர்களுக்கு வருஷம் ஒரு முறை கிட்னி சோதனை செய்ய வேண்டும்.

4. அட்ரோபின், டாக்ஸிசைக்ளின், பாம்புக்கடி மருந்து இவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்நேரமும் இருக்க வேண்டும். மருந்து விஷத்தைக் கண்டுபிடிக்கும் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆஸ்பத்திரிகளில் கிடைக்க வேண்டும். காலியாக உள்ள டாக்டர், நர்சு, லேப் டெக்னீஷியன் இடங்களை நிரப்ப வேண்டும்.

5. வேலையில் ஏற்படும் பூச்சிமருந்து விஷபாதிப்பைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கி அமல்படுத்த வேண்டும். அடித்ததா, குடித்ததா என்று விசாரிக்காமல் எழுதக் கூடாது.

6. வெயிலில் வேலை செய்யும்போது நேர்ந்த சாவுக்கும் பாதிப்புக்கும் வேலை விவரத்தோடு பதிவும் நிவாரணமும் வேண்டும். வேலைத் தளங்களில் நிழல், குடிதண்ணீர், பெண்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும்.

7. பதிவின் நகல் நோயாளிக்கு வேண்டும். வேறு யாருக்கும் போகக் கூடாது.

8. ஊர் வாரியான கணக்கை, பேர் இல்லாமல், மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டர் முன்னிலையில் வாசிக்க வேண்டும். கேள்விகளைத் தயாரிக்கும் குழுவில் விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும்.

தோழர்களே! இதற்கு அணை கட்டச் சொல்லவில்லை, கோடிக்கணக்கில் கடன் தள்ளுபடி கேட்கவில்லை. இருக்கிற கம்ப்யூட்டரில் ஐந்து வரி சேர்க்கவும், இருக்க வேண்டிய மருந்தை வைக்கவும்தான் கேட்கிறோம். வருகிற கிராம சபையில் ஒவ்வொரு ஊராட்சியிலும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுவோம். தீர்மான நகலோடு குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வண்டி கட்டி வருவோம். மருந்து பட்டவர்களும், கிட்னி பழுதானவர்களும், அவர்கள் வீட்டுப் பெண்களும் முன்வரிசையில் நிற்க வேண்டும். அவர்கள் பேசட்டும், அதிகாரிகள் கேட்கட்டும்!

உழைக்கிற உடம்புக்குக் கணக்கு வேண்டும்!
மருந்தடித்தவனைக் குடித்தவன் என்று எழுதாதே!
வெயிலில் செத்தவனை மாரடைப்பு என்று மறைக்காதே!
என்ன வேலை என்று கேள்! கேட்டதை எழுது! எழுதியதற்கு வைத்தியம் பார்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், மதுரை